தார் ரோட்டில் வந்த மீன்

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்தக் காரியமும் விடிவதற்கு முன்னால்தான் தொடங்கும். வேலைக்குப் போகிறவர்கள் இருட்டோடு எழும்பி ரொட்டி சுட்டுக் கட்டிக்கொண்டு பெரட்டுக் களத்துக்கு ஓடுவார்கள். பெரட்டு என்றால், எல்லாரும் வந்து வரிசையாக நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வது. பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. அந்தப் பழக்கம் எலும்புக்குள் ஏறிவிட்டதால் வேலை இல்லாத நாளிலும் எங்களுக்கு விடியலில் முழிப்பு வந்துவிடும். பெண் பார்க்க மத்தியானம்தான் வருவார்கள் என்று தெரிந்தாலும், பெண்ணை விடியலிலேயே குளிக்க வைத்துத் தலைவாரி உட்கார வைத்துவிடுவோம். நானும் அப்படி உட்கார்ந்து கழுத்து வலித்தவள்தான்.

அதனால், மீன் பிடிக்க விடியலில் போக வேண்டும் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு அது சரியாகத்தான் பட்டது. மீனும் எங்களைப் போல இருட்டில் எழும்பி வந்து வரிசையில் நிற்கும் என்று இரண்டு பேரும் நம்பினோம். அந்த மடத்தனத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மீன் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் தங்கச்சி வயிற்றுப் பிள்ளையோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறான். அம்மா போன பிறகு அவளுக்குத் தாய்வீடு என்றால் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் எங்கள் காம்பராதான். வந்த நாளிலிருந்து அவளுக்கு மசக்கை. மசக்கை எல்லாருக்கும் வருவதுதான், ஆனால் இவளுக்கு நாலாம் மாதம் ஆகியும் நிற்கவில்லை. சோறு தங்கவில்லை, ரொட்டி தங்கவில்லை, கஞ்சி தங்கவில்லை. தேயிலைக்குள் பிறந்து வளர்ந்தவள், தேத்தண்ணி வாசம் பட்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாசலுக்கு ஓடினாள். கழுத்தெலும்பு இரண்டும் எழும்பி நின்றன.

முந்தின வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை தங்காமல் போயிற்று. அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை. ஆனால் அவள் பின்வாசலுக்கு ஓடும் ஒவ்வொரு தடவையும் நாங்கள் எல்லாரும் அதைத்தான் நினைத்தோம், அவளும் அதைத்தான் நினைத்தாள். கிளினிக்கில் நிறை பார்த்த மிட்வைஃப் மிஸ், நிறை குறைந்திருக்கிறது என்றும், அடுத்த கிளினிக்கிலும் குறைந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரியில் நிறுத்தி சேலைன் ஏற்ற வேண்டி வரும் என்றும் சொன்னார். நல்ல மனுஷி, தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் தங்கச்சியின் முகம் செத்துப் போயிற்று. போன தடவையும் இப்படித்தான் தொடங்கியது என்று பஸ்ஸில் என் காதுக்குள் சொன்னாள். மஸ்கெலியா டவுனில் இறங்கும் வரைக்கும் என் கையை விடவில்லை.

அன்று பொழுதுபட, அடுப்படியில் என் பக்கத்தில் வந்து குந்தினாள். இரண்டு நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, டேம் மீனக் கொறக்காப் புளி போட்டு ஆக்குனா ஒரு வாய் திம்பேன் போல இருக்கு."

நான் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு மாதத்தில் முதல் தடவையாக அவள் வாய் ஒன்றைக் கேட்கிறது. மலையை உடைத்துக் கொண்டுவரச் சொன்னாலும் கொண்டுவந்திருப்பேன். மீன்தானே என்று நினைத்தேன்.

மீன்தான் கிடைக்கவில்லை. டேம் என்று நாங்கள் சொல்வது மஸ்கெலியா நீர்த்தேக்கத்தை. எங்கள் லயத்துக்கு நேர் கீழே, தேயிலை முடிகிற இடத்தில் அது தொடங்கும். வெயில் காலத்தில் மீன்காரர் சைக்கிளில் திலாப்பியா கட்டிக்கொண்டு லயம் லயமாக வருவார். மார்கழி, தை மாதங்களில் அவரைக் கண்ணில் காண முடியாது. தண்ணீர் ஐஸாகக் கிடக்கிறது, மீன் எல்லாம் ஆழத்துக்குப் போய்ப் படுத்துவிட்டது, வலை வெறுமையாகத்தான் வருகிறது என்று டவுனில் கண்டபோது சொன்னார். எப்போது வரும் என்று கேட்டேன். தண்ணீர் சுட்டால் வரும் என்று சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார். தண்ணீர் எப்போது சுடும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் ஹட்டனுக்குப் போய் மீன் வாங்கி வந்தார். ஐஸ் லொறியில் வந்த மீன். பையை இஸ்தோப்பில், அதுதான் எங்கள் லயத்து முன்வாசலில், வைத்தார். அவிழ்க்கக்கூட இல்லை. உள்ளே கட்டிலில் படுத்திருந்த தங்கச்சி எழும்பி ஓடியதில் கதவு போய்ச் சுவரில் அடித்தது. அந்த மீனைப் பக்கத்துக் காம்பரா மதினி வாங்கிக்கொண்டு போய் ஆக்கித் தின்றாள். நல்ல மீன் என்று மறுநாள் வந்து சொல்லவும் செய்தாள். அந்த நேரத்தில் அவளை நான் பார்த்த பார்வையில் மிலாறு பற்றியிருக்கும். மிலாறு என்பது தேயிலையைக் கவ்வாத்து வெட்டும்போது விழுகிற குச்சி. எங்கள் அடுப்புக்கெல்லாம் அதுதான் விறகு.

மீன் உயிரோடு வர வேண்டும், ஐஸ் வாசம் இருக்கக் கூடாது என்று தெரிந்துவிட்டது. அப்படியென்றால் நாமே பிடிக்க வேண்டியதுதான் என்றார் என் வீட்டுக்காரர். அவர் கவ்வாத்து வெட்டுகிற ஆள். வேலையில் கெட்டிக்காரர், நேரத்தில் அதைவிடக் கெட்டிக்காரர். பழைய மூங்கில் கம்பு ஒன்றை எடுத்து, தங்கூஸ் நூல் கட்டி, தேய்ந்த ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி மிதப்பாக மாட்டினார். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் போவோம் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பெரட்டுக்கே ஒரு நாள் பிந்துனதில்ல. மீனுக்கா பிந்துவேன்?"

முதல் ஞாயிறு நாங்கள் டேமுக்கு இறங்கியபோது நட்சத்திரம் மறையவில்லை. எதிரே சிவனொளிபாத மலையில் படி நெடுகிலும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சீசன் நேரம். யாத்திரை போகிறவர்களின் பஸ்கள் மேல் ரோட்டில் பாட்டுப் போட்டுக்கொண்டு போயின. நாங்கள் கீழே பனியில் நனைந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கை விறைக்க விறைக்க, மிதப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் நின்றது மீன் பிடிக்கிற நிலை இல்லை. இரண்டு காலையும் சேர்த்து, நெஞ்சை நிமிர்த்தி, பெரட்டில் கண்டாக்கையா பேர் கூப்பிடும்போது நிற்கிற மாதிரி நின்றார். மிதப்பு அசையவே இல்லை. வேலை நாட்களில் பெரட்டுச் சத்தம் கேட்கிற நேரத்துக்கெல்லாம் நாங்கள் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

இரண்டாவது ஞாயிறு இன்னும் முந்திப் போனோம். பிந்தியதால்தான் கிடைக்கவில்லை என்பது அவருடைய கணக்கு. நானும் தலையை ஆட்டினேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. மூன்றாவது தடவையும் அதே கதை. திரும்பி வரும்போது மதினி வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றாள். மீன் ஆக்கின வாசம் இங்கே வரைக்கும் வந்தது, எங்களுக்குக் கொஞ்சம் குழம்பு எடுத்து வைத்தீர்களா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்கு அப்படிச் சிரிக்க வராது. குளிருக்கு மீன் படுத்திருக்கிறது, உங்கள் வீட்டு ஆளும்தான் படுத்திருக்கிறார், இரண்டையும் எழுப்பிவிட்டு வந்து பேசுங்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். உள்ளே தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். எங்கள் காலடிச் சத்தத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பரவாயில்லை அக்கா என்றாள்.

அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரத்தில் மாசி பிறந்து காலநிலை மாறியது. காலையில் அதே குளிர், அதே பனி. ஆனால் பத்து, பதினொரு மணிக்கு மேல் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாகி, வெயில் சுள்ளென்று விழத் தொடங்கியது. நான் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் வேலை செய்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. வெயில் வந்ததும் பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுவெட்டரைக் கழற்றி எறிந்தன. அந்தச் சுவெட்டர்களைப் பொறுக்கும்போது எனக்கு வீட்டுக் கம்பளிகளின் ஞாபகம் வந்தது. மழையும் பனியுமாகக் கிடந்து எல்லாம் பூஞ்சணம் பிடித்து நாறின. அந்த நாற்றமும் தங்கச்சிக்கு ஆகவில்லை.

வருஷத்தின் முதல் நல்ல வெயிலுக்கு எங்கள் லயத்தில் எல்லாரும் கம்பளி துவைப்பார்கள். மலை ஊற்றிலிருந்து பீலிக் குழாயில் விழுகிற தண்ணீர் அந்த நேரத்தில் நூலாக மெலிந்துவிடும், குளிக்கவே காணாது. அதனால் கம்பளிகளைக் கட்டிக்கொண்டு டேமுக்குத்தான் இறங்க வேண்டும். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும், சாப்பிட்டுவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு இறங்கினோம். தூண்டிலை எடுக்கட்டுமா என்று கேட்டார். பேசாமல் வாருங்கள், இந்த நேரத்தில் எந்த மீன் வரும் என்று எரிந்து விழுந்தேன். அப்படிச் சொன்னது என் வாய்தான்.

டேமில் தண்ணீர் நன்றாக வற்றியிருந்தது. வற்றினால் பழைய மஸ்கெலியா வெளியே வரும். டேம் கட்டுவதற்கு முன்னால் டவுன் அங்கேதான் இருந்தது. பழைய கோயில் எழும்பி நிற்கும், கட்டடங்களின் அடிச்சுவர்கள் தெரியும். எங்கள் பக்கத்தில் எழும்புவது ஒரு ரோடு. தேயிலை மலையடியிலிருந்து இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போகும். ஒரு காலத்தில் பஸ் ஓடிய ரோடு. தார் பாதி உரிந்து போனாலும் கறுப்பு போகவில்லை. ஓரத்தில் ஒரு மைல்கட்டைகூட நிற்கிறது, எழுத்துத்தான் அழிந்துவிட்டது. மற்ற இடமெல்லாம் முழங்கால் சேறு என்பதால் கம்பளி துவைக்க எல்லாரும் அந்த ரோட்டுக்குத்தான் வருவோம்.

கரையில் வைத்துச் சவர்க்காரம் போட்டு மிதித்தோம். அலச வேண்டும் என்று நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டோடு தண்ணீருக்குள் இறங்கினேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் காலை வைத்தேன். மூன்று ஞாயிறும் அந்தத் தண்ணீர் என்னைக் கடித்தது எனக்குத் தெரியும்.

தண்ணீர் கடிக்கவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட விளாவி வைத்த தண்ணீர் மாதிரி இதமாக இருந்தது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு காலைப் பக்கத்துச் சேற்றில் வைத்துப் பார்த்தேன். அங்கே குளிர். திரும்ப ரோட்டில் வைத்தேன், சூடு. வெயில் முழுவதையும் அந்தக் கறுப்பு ரோடு குடித்து வைத்துக்கொண்டு தண்ணீருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, தண்ணீர் சுடுகிறது என்றேன். காய்ச்சலா என்று கேட்டு என் நெற்றியைத் தொட வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் என் குதிங்காலில் எதுவோ கிள்ளியது. எனக்குக் குதிங்காலில் பித்தவெடிப்பு உண்டு. அந்த வெடிப்பில் நோகாமல், கேலி செய்கிற மாதிரி, திரும்பவும் ஒரு கிள்ளு.

குனிந்து பார்த்தேன். முதலில் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது. பிறகு ரோட்டின் கறுப்பில் ஒரு கறுப்பு நகர்ந்தது. ஒன்று சாய்ந்து திரும்பியபோது வயிறு வெள்ளையாக மின்னியது. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் இன்னும் பல. கையகல மீன்கள், தட்டையாக, அவசரமே இல்லாமல், அந்தப் பழைய பஸ் ரோட்டின் மேல் வெயில் காய்ந்துகொண்டு நின்றன. ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு வந்த சனம் மாதிரி.

மீன்காரர் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தண்ணீர் சுட்டால் வரும். விடியலில் எந்தத் தண்ணீர் சுடும்? ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த தண்ணீருக்கு, நாங்கள் மூன்று ஞாயிறும், இருக்கிற நேரங்களிலேயே மோசமான நேரத்தில் போய் வணக்கம் வைத்துவிட்டு வந்திருக்கிறோம். இவை பெரட்டுக்கு வருகிற மீன்கள் இல்லை. மத்தியானம் எழும்பி வருகிற துரைமார்.

"என்னங்க, சத்தம் போடாம வந்து பாருங்க" என்றேன்.

வந்தார். பார்த்தார். பார்த்த மனிதர் ஒரு நிமிஷமாவது சும்மா நின்றிருக்கலாம். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாய்ந்தார். மீன் ஒன்றும் கையில் அகப்படவில்லை, அலசக் கொண்டுவந்த கம்பளிதான் அகப்பட்டது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் விழுந்து, தலை நனைந்து எழும்பினார். மீன்கள் போய்விட்டன. நான் திட்ட வாயைத் திறந்தேன். திட்டு வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. வயிறு நோக நோக, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தேன். அவரும் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தார். அந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் யாரும் சிரித்திருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவர் வீட்டுக்கு ஓடித் தூண்டிலை எடுத்து வருவதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. தண்ணீரில் கால் வைத்துப் பார்த்தேன், குளிர ஆரம்பித்திருந்தது. மீனும் இல்லை. நாளைக்கு வருவோம் என்றேன். எத்தனை மணிக்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மாதிரி நீளமான காலை என் வாழ்க்கையில் இன்னொன்று இல்லை. விடியலிலேயே அவர் எழும்பித் தூண்டிலோடு இஸ்தோப்பில் நின்றார். உள்ளே வரச் சொன்னேன். சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். நான் தூண்டிலை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டு, கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஆம்பிளை ஒருத்தர் ஒரு காரியத்தை வைத்துக்கொண்டு மத்தியானம் வரைக்கும் வீட்டில் சும்மா இருப்பதா என்று அவருக்கு வெட்கம். மதினி இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்தாள். இன்றைக்கு மீனுக்கு லீவா என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் கோடரியை எடுத்துக்கொண்டு பின்னால் போய், தேவையில்லாத விறகையெல்லாம் பிளந்தார்.

பனிதான் என்னைப் பயமுறுத்தியது. பத்து மணிக்கும் எதிர் லயம் தெரியவில்லை. பதினொரு மணிக்கும் அப்படியே. வெயில் வராவிட்டால் ரோடு சுடாது, ரோடு சுடாவிட்டால் மீன் வராது, அதற்கப்புறம் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். தங்கச்சி காலையில் இரண்டு வாய் தண்ணீர் குடித்து அதையும் வெளியே விட்டிருந்தாள். நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். கும்பிடுகிறவள்தான், ஆனால் கோயிலுக்குப் போனால் எனக்காக அதிகம் கேட்பதில்லை. அன்று வாசலில் நின்று, கொஞ்சம் அதட்டியே கேட்டேன். ஒரு வெயில்தானே கேட்கிறேன், கொடுத்தால் என்ன என்று.

மத்தியானச் சோறு வெந்து இறங்குகிற நேரத்தில் என் கைக்குப் பக்கத்தில் தரையில் ஒரு வெளிச்சம் விழுந்தது. கூரைத் தகரத்தின் ஓட்டை வழியாக வந்த வெயில். ஒவ்வொரு மழைக்கும் அந்த ஓட்டையைத் திட்டுகிறவள், அன்று அதைக் கும்பிட்டேன்.

உடனே ஓட அவர் எழும்பினார். இன்னும் ரோடு சுடவில்லை, உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். இரண்டு மணி போல இறங்கினோம்.

நான் முதலில் காலை வைத்துப் பார்த்தேன். இதமான சூடு. அவரும் காலை வைத்தார். தலையை ஆட்டினார். வழக்கம் போல நிமிர்ந்து நிற்கப் போனவரைத் தோளைப் பிடித்து அமுக்கி, மைல்கட்டைக்குப் பின்னால் குந்த வைத்தேன். நிழல் தண்ணீரில் விழுந்தால் அவை ஓடிவிடும் என்று முந்தின நாளே பார்த்திருந்தேன். தூண்டிலில் மண்புழுவுக்குப் பதிலாக ரொட்டித் துண்டை உருட்டி மாட்டினேன். நாங்கள் தின்பதை அவை தின்றால் என்ன என்று ஒரு எண்ணம்.

மிதப்பு நின்றது. நின்றது. பிறகு ஒரு பக்கமாக நகர்ந்தது, யாரோ கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி. நான் பொறுக்க மாட்டாமல் இழுத்தேன். வெறும் முள் பறந்து வந்து என் தலைமுடியில் மாட்டியது. என் வீட்டுக்காரர் அதைக் கழற்றிவிட்டு, மூங்கிலை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒரு மாதம் மிதப்பையே பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அவருக்கு. அவசரப்படவில்லை. மிதப்பு நகர்ந்தது, விட்டார். இன்னும் நகர்ந்தது, விட்டார். முழுதாகத் தண்ணீருக்குள் போனதும் மணிக்கட்டைத் திருப்பினார். மூங்கில் வளைந்தது.

அந்த முதல் மீன் ரோட்டில் விழுந்து துள்ளியபோது நான் வாயைப் பொத்திக்கொண்டேன், சத்தத்துக்கு மற்றவை ஓடிவிடுமே என்று. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கலியாணத்தன்றுகூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன். கலியாணத்தன்று விடியலில் எழுப்பிவிட்டார்கள், தூக்கக் கலக்கம் என்றார்.

வெயில் மலையில் இறங்குவதற்குள் நாலு மீன் கிடைத்தது. பிடிக்கப் பிடிக்கத் துணி துவைக்கிற வாளியில் டேம் தண்ணீரை நிரப்பி அதில் விட்டேன். உயிரோடு வீடு போக வேண்டும். தளும்பத் தளும்ப அவர் வாளியைச் சுமந்து மலை ஏறினார். மதினி வாசலில்தான் நின்றாள். வாளியை எட்டிப் பார்த்தாள். அவள் கேலிக்கு ஏதாவது சொல்வாள் என்று நானும் பதில் தயார் பண்ணி வைத்திருந்தேன். அவள் உள்ளே போய், ஒரு கை கொறக்காவும் பச்சை மிளகாயும் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தங்கச்சிப் பிள்ளைக்குக் காரம் அதிகம் வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். தயார் பண்ணின பதில் எனக்குள்ளேயே கிடந்து வீணாய்ப் போயிற்று.

மீனைப் பின்வாசலில் வைத்து அவர் கவ்வாத்துக் கத்தியால் செதில் எடுத்தார். உப்பும் தேசிக்காய்ச் சாறும் போட்டு நான் எத்தனை தடவை கழுவினேன் என்று எனக்கே தெரியாது. மண் சட்டியை வைத்து, மிலாறை அளவாக எரித்து, கொறக்காவோடு மீனைக் கொதிக்க வைத்து, கடைசியில் தேங்காய்ப்பால் விட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு இறக்கினேன். வாசம் உள்ளே போயிற்று. நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு சுவரில் அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கச்சி மெதுவாக எழும்பி வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆயிருச்சா?" என்று கேட்டாள்.

தட்டில் கொஞ்சமாகச் சோறு போட்டு, முள் எடுத்த மீனை வைத்துக் கொடுத்தேன். அவள் புருஷன் கொழும்பிலிருந்து வீடியோ கோலில் வந்திருந்தான். போனைக் கோதுமை மா டின்னில் சாய்த்து அவள் எதிரே வைத்தோம். அவன் கடையில் அடுப்புக்கு முன்னால் வியர்த்து நின்றபடி இவளைப் பார்த்தான். நான் பார்த்தேன், என் வீட்டுக்காரர் பார்த்தார். வாசலில் மதினியும் பார்த்தாள். பரீட்சை எழுதுகிற பிள்ளையைக்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். முதல் வாய் உள்ளே போயிற்று. மென்றாள், விழுங்கினாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். தட்டு வெறுமையானது. எனக்குச் சந்தோஷப்படப் பயமாக இருந்தது. தின்பது இல்லையே எங்கள் பிரச்சினை, தங்குவதுதானே.

அப்போது அவள் சட்டென்று எழும்பினாள். யாரையும் பார்க்கவில்லை. பின்பக்கம் வேகமாகப் போனாள்.

போனுக்குள்ளிருந்து அவன், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். மதினி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். நானும் என் வீட்டுக்காரரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இனி ஆஸ்பத்திரிப் பையைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். நெற்றியைப் பிடித்துவிடவாவது போவோம் என்று போனையும் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன். வாந்திச் சத்தத்துக்குக் காதைத் தயாராக வைத்துக்கொண்டுதான் போனேன்.

அந்தச் சத்தம் வரவில்லை. மண்ணில் எதுவோ உரசுகிற சத்தம் வந்தது.

அடுப்படியில் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மீன் சட்டி. மிச்சச் சோற்றை அதற்குள் கொட்டி, அடியில் ஒட்டியிருந்த குழம்பை விரலால் சுற்றிச் சுற்றி வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். மூக்கு நுனியில் ஒரு கறிவேப்பிலை ஒட்டியிருந்தது. சின்ன வயதில் அம்மா ஆக்கின சட்டிக்கு நாங்கள் இரண்டு பேரும் இப்படித்தான் அடிபிடி போடுவோம்.

கையிலிருந்த போனைத் திருப்பி அவனுக்குக் காட்டினேன். அவன் பார்த்தான். பிறகு முகத்தை மறைக்கவோ என்னவோ, போனில் கூரை மட்டும் தெரிந்தது. என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். நான் நிலையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். வெட்கமே இல்லாமல், சந்தோஷத்தில், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன்.

தங்கச்சி தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தாள்.

"சும்மா பாத்துக்கிட்டு நிக்காம, இன்னுங் கொஞ்சம் சோறு போடுங்க அக்கா" என்றாள்.